ஓசூர்க் குதிரை

மதுரை மாநகரில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களைச் சொல்லாமல் முடியாது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் சென்ற நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பஸ் விட ஆரம்பித்தது இந்த ஊரில்தான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பஞ்சம் வந்ததும், கரி வாயுவில் பஸ் ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்ததும் அவருடைய ஸ்தாபனமே. அந்தக் குடும்பத்தின் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பால் கேன், அரிசி மூட்டை, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு சம்சாரம் ஆகிய சகலத்தையும் சுமந்துகொண்டு அச்சிறு வண்டி நம் கிராமங்களில் புழுதி கிளப்பி ஓடியதை நேயர்கள் அறிவார்கள். அதே ஓசூரில் இன்று மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய பந்தய மோட்டார் சைக்கிள் தயாராகிறது.

அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்பது அதன் திருநாமம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியோடு 2013-இல் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து பிறந்து, 2017 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 2024-இல் வந்த திருத்திய வண்டிக்கு 38 குதிரைச் சக்தி. நான் தினம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிச் செல்லும் 100 சி.சி. வண்டிக்கு ஏறக்குறைய எட்டு என்றால் வித்தியாசத்தை ஊகித்துக் கொள்ளலாம். சென்ற மாதம் என் பழைய மாணாக்கர் ஒருவர் இவ்வண்டியை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஸார், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டேன். அவர் என்னுடைய வண்டியில் பின்தொடர்ந்தார்.

ஏறி உட்கார்ந்தவுடனேயே இது வேறு ஜாதி என்று தெரிந்துவிடுகிறது. கைப்பிடிகள் தாழ்ந்து கிடக்கின்றன. கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளியிருக்கிறது. சாஷ்டாங்க நமஸ்காரத்துக்கு ஆயத்தமாவதுபோல முன்னால் சாய்ந்தே ஆகவேண்டும். சிம்மக்கல்லிலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் சேர்வதற்குள், நாற்பதைக் கடந்த என் மணிக்கட்டு ஆக்ஷேபணை தெரிவித்தது. ஊருக்குள் ஊர்வதற்காகச் செய்த ஆசனம் அன்று அது.

மாட்டுத்தாவணியைக் கடந்து ஒத்தக்கடை வந்ததும் நான்குவழிச் சாலை விரிந்தது. யானைமலை அப்போதுதான் வெயிலில் சிவந்து கொண்டிருந்தது. கைப்பிடியைச் சற்றே திருகினேன். இடுப்பை யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போலிருந்தது! இந்த யந்திரத்தின் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அதுவும் வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்றும் பெட்ரோலும் முன்னாலிருந்து நுழைகின்றன, புகை பின்னால் வெளியேறுகிறது. அதனால் யந்திரத்தின் பாரம் முன்சக்கரத்தை நெருங்குகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீளமாக வைக்கவும் இடம் கிடைக்கிறது. வளைவில் வண்டி தளும்பாமல் திரும்புவதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் துணை செய்கிறது. நான் ஏறிய வண்டியில் கிளச்சைத் தொடாமலே கியர் மாற்றும் உபாயமும் இருந்தது. காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

மேகம், மழை, நகரம், பந்தயம் என்று சமயத்துக்கேற்பக் குணத்தை மாற்றிக்கொள்ள நான்கு நிலைகள் உண்டு என்று மாணாக்கர் வர்ணித்தார். மேகம் அவருடைய சொந்தச் சரக்கு. கம்பெனியார் வைத்தவை மழை, நகரம், விளையாட்டு, பந்தயம் என்ற நான்கே. மழை நிலையில் வைத்தால் சக்தி குறைந்து வண்டி சாதுவாகிவிடுகிறது. புதிதாகக் கற்பவர்கள் வெயிற்காலத்திலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

மேலூருக்கு இப்பால், பெரியாறு வாய்க்கால் பாயும் வயல்களின் ஓரத்தில், வெள்ளாடு ஒன்று சாலையின் நடுத்திட்டிலிருந்து திடீரென்று குதித்தது. அப்போது வேகம் 70 இருக்கும். இரண்டு பிரேக்குகளையும் இறுகப் பிடித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி, நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும் கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. கைப்பிடி இலேசாகத் துடித்தது. வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. ஆடு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வரப்பில் இறங்கிப் போயிற்று. பாய்ச்சலைவிட இந்த நிறுத்தம்தான் என் மனத்தைக் கவர்ந்தது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆட்டைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி ஆகிவிடும். 160-இல் அந்த ஒரு நொடி 44 மீட்டரை விழுங்கும். அதற்குமேல் வண்டி நிற்க வேண்டிய தூரமோ நான்கு மடங்கு. நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய சர்க்கார் 2018-இல் வகுத்த உச்ச வரம்பு 80. 2022-ஆம் வருஷத்தில் நம் தேச ரஸ்தாக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 

இதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது நம்முடைய அனுமதி முறை. பதினெட்டு வயது நிரம்பிக் கியர் வண்டிப் பரீட்சை தேறிய பையன், நூறு சி.சி. வண்டியும் ஓட்டலாம், ஆயிரம் சி.சி. வண்டியும் ஓட்டலாம், இரண்டுக்கும் சீட்டு ஒன்றுதான். ஐரோப்பிய யூனியன் தேசங்களில் படிகள் வைத்திருக்கிறார்கள். முதற்படியில் 125 சி.சி., 11 கிலோவாட். அடுத்த படியில் 35 கிலோவாட் வரை. அதில் இரண்டு வருஷம் பழகினால் மேல்படி. ஓசூர் வண்டியின் 38 குதிரை ஏறக்குறைய 28 கிலோவாட். அதாவது அங்கே இரண்டாம் படி. நம் ஊரில் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையிடம் அல்ஜிப்ராவை நீட்டினால் எந்தத் தகப்பனாராவது சும்மா இருப்பாரா?

பிளஸ் டூ முடிந்ததும் இவ்வண்டிக்கு அடம் பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. ஒரேயடியாக மறுக்க வேண்டாம் என்பேன். நம் மண்ணில் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்ட யந்திரத்தின்மேல் பையன் ஆசைப்படுவதில் தவறில்லை. இரண்டு வருஷம் சிறிய வண்டியில் கை பழகட்டும். 2024-இல் இதன் விலை கடையிலேயே இரண்டே முக்கால் லட்சத்தில் தொடங்கியது. அத்தோடு நல்ல தலைக்கவசம், கையுறை, சட்டை இவற்றின் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். வேகம் பார்த்தே தீரவேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. எதிரே லாரி வராது, ஆடும் குதிக்காது.

அழகர்கோயில் வழியாகத் திரும்பினோம். வண்டியைக் கொடுக்கும்போது, பின்னால் இருந்த உள்ளங்கையகல ஆசனத்தைக் காட்டி, "அம்மா இதில் ஏறினார்களா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவை, ஸார். தெப்பக்குளம் வரைக்கும். மாரியம்மன் கோயிலில் இறங்கினவர்கள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்" என்றார்.