வானில் ஏறிய சோபா

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன வருடம் ஒரு கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. தண்டம் எண்டு போட்டிருக்கு. நான் ஒரு கடதாசித் துண்டு கூட றோட்டில போட்டதில்லை."

அவர் சொன்னது உண்மை. வாசலைத் தாண்டித் தெருவையும் கூட்டுகிற மனுஷி அவர். கடிதத்தோடு ஒரு படமும் இணைத்திருந்தார்கள். கராஜ்களுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு பழுப்பு நிறச் சோபா கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் வாய் பிளந்த கறுப்புப் பை. அடுத்த படத்தில், பைக்குள் இருந்து எடுத்த மருத்துவமனைக் கடிதம் கிட்டத்தில் தெரிந்தது. ஒரு மூலையில் கறிக்கறை. நடுவில் அக்காவின் பெயரும் விலாசமும் தெளிவாக.

நடந்தது இதுதான். புதுச் சோபா வந்ததும் பழையதை ஏற்றிப்போக இணையத்தில் ஆள் பிடித்திருக்கிறார். வானோடு வந்தவன் 40 பவுண் கேட்டான். காசைக் கையில் வாங்கினான், ரசீது கொடுக்கவில்லை. "இருக்கிற குப்பையையும் தாங்கோ" என்று இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டான். அக்காவுக்குப் பெரிய நிம்மதி. அவன் இரண்டு மைல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

"கொட்டினது அவன். எனக்கேன் தண்டம்?"

லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் கேட்கும் கேள்வி இது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. (வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் விதிகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்.) வீட்டுக் குப்பையை இன்னொருவரிடம் கொடுப்பவர், அதை எடுத்துச்செல்ல அனுமதி உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். அதை உறுதிப்படுத்த நியாயமான முயற்சி எடுப்பது வீட்டுக்காரரின் கடமை. வானில் ஏற்றி அனுப்பியதோடு அந்தக் கடமை தீராது. 2019 ஜனவரியிலிருந்து, இந்தக் கடமையில் தவறியவருக்கு நீதிமன்றம் போகாமலே கவுன்சில் தண்ட அறிவித்தல் கொடுக்கலாம். அக்காவுக்கு வந்தது அதுதான்: 400 பவுண், பத்து நாளுக்குள் கட்டினால் 250.

அடுத்த தெருவில் வேறு கவுன்சில், அங்கே வேறு தொகை. இதைப் பார்த்துப் பலர் கவுன்சில் தன் மனம்போனபடி காசு பிடுங்குவதாக நினைக்கிறார்கள். முழுக்க அப்படியல்ல. கீழெல்லையையும் மேலெல்லையையும் அரசாங்கம் வைக்கிறது, அவற்றுக்கு நடுவே எவ்வளவு என்பதைக் கவுன்சில் தீர்மானிக்கிறது. 2023 ஜூலை 31 முதல் மேலெல்லைகள் ஏறிவிட்டன. தெருவில் குப்பை போட்டால் 65 முதல் 500 பவுண் வரை; முன்பு உச்சம் 150. 'ஃபிளை டிப்பிங்' என்கிற சட்டவிரோதக் கொட்டலுக்கு 150 முதல் 1,000 வரை, முன்பு 400. அக்கா மாட்டிய வீட்டுக்காரர் கடமைக்கு 150 முதல் 600 வரை. இதுவும் முன்பு 400தான். கவுன்சில் ஒன்றும் தீர்மானிக்காவிட்டால், குப்பைக்கு 100, மற்ற இரண்டுக்கும் 200 என்ற பொதுத்தொகை பொருந்தும்.

ஆகவே அறிவித்தல் கைக்கு வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். எந்தக் குற்றத்துக்கு, எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது? தொகை அந்த எல்லைக்குள் நிற்கிறதா? சிகரெட் துண்டுக்கு ஃபிளை டிப்பிங் தொகை கேட்டிருந்தால் எழுதிக் கேட்கலாம். ஆனால் சிகரெட் துண்டும் சுவிங்கமும் குப்பையா என்று வாதாடப் போகாதீர்கள். 2005இல் வந்த திருத்தம் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது.

தொகையை ஏற்றுவது மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2023-24இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் கையாண்ட ஃபிளை டிப்பிங் சம்பவங்கள் சுமார் 11 இலட்சத்து 50 ஆயிரம். கொடுத்த தண்ட அறிவித்தல்கள் சுமார் 63 ஆயிரம். சம்பவங்களில் ஐந்தில் மூன்று பங்கு வீட்டுக் குப்பை. இரவில் வானோடு வருகிறவனுக்கு 400க்கும் 1,000க்கும் என்ன வித்தியாசம்? அவன் பிடிபடப் போவதில்லை என்று அவனுக்கே தெரியும். பிடிபடுவது பையில் விலாசத்தை விட்டுவைத்த அக்கா. சட்டம் வீட்டுக்காரரை நெருக்குவதில் நியாயம் இருக்கிறது: மலிவு வானுக்குக் காசு கொடுக்க ஆளில்லாவிட்டால் அந்த வானுக்குப் பிழைப்பில்லை. ஆனால் சுலபமாகக் கிடைக்கும் விலாசத்தோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. ஃபிளை டிப்பிங் தண்டத்தில் வரும் பணத்தை, 2024 ஏப்ரல் முதல், துப்புரவுக்கும் கொட்டுகிறவர்களைப் பிடிப்பதற்கும்தான் செலவழிக்க வேண்டும். உங்கள் கவுன்சில் அதில் எவ்வளவு எதற்குச் செலவழித்தது என்று வட்டாரக் கவுன்சிலரிடம் கேளுங்கள். நம் ஆட்கள் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொள்வதோடு சரி, இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இனி, அறிவித்தலோடு என்ன செய்வது? வாகனத் தரிப்புத் தண்டம் போல இதற்கு மேன்முறையீடு செய்யச் சட்டப்படியான வழி இல்லை. "வழக்குப் போடாமல் விடுகிறோம், இதைக் கட்டு" என்பதுதான் இந்த அறிவித்தலின் பொருள். கட்டினால் விஷயம் முடிந்தது; அது குற்றத்தீர்ப்பு அல்ல. கட்டாவிட்டால் கவுன்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அங்கே தெருக் குப்பைக்கு 2,500 பவுண் வரை. வீட்டுக்காரர் கடமைக்கு உச்சவரம்பே இல்லை. கொட்டியவன் அகப்பட்டு வழக்கு கிரவுன் நீதிமன்றம் போனால் ஐந்து வருடம் வரை சிறை. பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் பக்கம் நியாயம் இருந்தால், தண்டம் கட்டத் தந்திருக்கும் 14 நாள் முடிவதற்குள் கவுன்சிலுக்கு எழுதுங்கள். நிறையக் கவுன்சில்கள் தாங்களாகவே மறுபரிசீலனை செய்கின்றன. வான்காரனின் தொலைபேசி எண், அவனோடு அனுப்பிய குறுஞ்செய்திகள், வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, எது இருந்தாலும் இணையுங்கள். அக்காவிடம் ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், தண்டத்துக்கு முதல் மாதம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அது மேசை லாச்சிக்குள் கறண்ட் பில்களோடு உடைக்காமலே கிடந்தது. அப்போதே பதில் எழுதியிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கக்கூடும். 250ஐக் கட்டினார். பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துக்கு வைத்திருந்த காசு.

குப்பை போட்டதாகச் சொல்லித் தெருவில் சீருடைக்காரர் மறித்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அவர் கவுன்சில் அமர்த்திய தனியார் நிறுவனத்தின் ஆளாக இருக்கக்கூடும். அனுமதி பெற்றவர் என்றால் பெயரும் விலாசமும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பொய்ப் பெயர் கொடுத்தால் அது தனிக் குற்றம், அதற்கே 1,000 பவுண் வரை போகும். உண்மையைச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். கீழே போட்டு அங்கேயே விட்டுச் செல்வதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. கைதவறி விழுந்த ரசீதை உடனே குனிந்து எடுத்தீர்கள் என்றால் அந்த விபரத்தை அன்றிரவே எழுதிவையுங்கள். தண்டத்தை வருமானத்துக்கான வழியாகப் பாவிக்கக் கூடாது என்று அரசாங்கத்தின் வழிகாட்டலே சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

வீட்டுத் தொட்டியில் தவறான பொருளைப் போடுவது இந்தக் குற்றங்களில் சேராது. அதற்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை வர வேண்டும், கடைசியில் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடும் உண்டு. ஆனால் தெருத்தொட்டி நிறைந்துவிட்டது என்று பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் சில கவுன்சில்கள் அதைக் கொட்டலாகவே எடுக்கின்றன. பார்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கும், கவனம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக் குப்பையை வீட்டுத் தொட்டியில் போட முடியாது. அதை எடுக்க ஆளோடு ஒப்பந்தம் வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கைமாற்றுச் சீட்டு வேண்டும். அல்லது வருடம் முழுவதற்குமாக ஒரே சீட்டும் போதும். இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்கும்போது காட்டாவிட்டால் 300 பவுண்.

குப்பையால் பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால்? சொந்தக் காணிக்குள் யாரோ கொட்டியதைச் சொந்தச் செலவில்தான் அகற்ற வேண்டும். இது அநியாயம்தான், ஆனாலும் சட்டம் அப்படி. பொதுத்தெரு என்றால் கதை மாறும். பலமுறை முறையிட்டும் கவுன்சில் தெருக் குப்பையை அகற்றவில்லை என்றால், அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, ஐந்து நாள் முன்கூட்டி எழுத்தில் அறிவித்துவிட்டுச் சாதாரண ஆள் ஒருவரே கவுன்சிலுக்கு எதிராக மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அந்த எழுத்து அறிவித்தல் போன பிறகு லொறி வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

முறையாக அகற்றும் வழிகள் உண்டு. கவுன்சில் பெரிய சாமான்களைக் கட்டணத்துக்கு வந்து எடுக்கும். கார் இருந்தால் மீள்சுழற்சி நிலையம் போகலாம். வீட்டில் நீங்களே செய்த சிறிய திருத்த வேலையின் கழிவுக்கு 2023 கடைசியிலிருந்து அங்கே காசு கேட்கக் கூடாது. தீ எதிர்ப்பு லேபல் கிழியாத நல்ல சோபாவை அறக்கட்டளைக் கடைகள் இலவசமாகவே ஏற்றிப்போகும். லேபலை யாரும் வெட்ட வேண்டாம். வான்காரனைத்தான் பிடிப்பீர்கள் என்றால் என்வைரன்மென்ட் ஏஜென்சியின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பெயரைப் போட்டால் தெரியும். வான் இலக்கத்தைப் படம் எடுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.

கடந்த மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். நடைபாதையில் பழைய மெத்தை ஒன்று சுவரோடு சாய்ந்து நின்றது. நாங்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே போனோம்.

"ஒருத்தன் முப்பது பவுண்ஸ் எண்டான். பதிவு நம்பர் என்ன எண்டு கேட்டன் தம்பி, போனை வைச்சிட்டான்."

கவுன்சில் வான் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.