ஈயப் பாளத்தை வெட்டுவது எப்படி?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிவிட்டால் ஊரெங்கும் நோட்டீசும் சுவரொட்டியும்தான். இன்று அவை ஆப்செட் இயந்திரத்தில் அச்சாகின்றன. உங்கள் தாத்தா பள்ளியில் படித்த காலத்தில் அப்படியில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அச்சுக்கோக்கும் அச்சகங்கள் இருந்தன. கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்தால்தான் ஒரு வரி உருவாகும். அந்த எழுத்துகள் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. தேய்ந்த எழுத்துகளை உருக்கி மறுபடி வார்ப்பார்கள்.

எழுத்து சிறியது, விரைவில் உருகிவிடும். ஆனால் உருக்காலையிலிருந்து ஈயம் எழுத்தாக வருவதில்லை. பெரிய பாளமாக வருகிறது. உருக்கும் சட்டியின் வாயோ சிறியது. பாளத்தைத் துண்டாக்கியாக வேண்டும். "இது ஒரு பெரிய காரியமா? நகத்தால் கீறினாலே கோடு விழும் உலோகமாயிற்றே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். நாம் இங்கே பேசுவது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். பென்சிலின் உள்ளே இருப்பதையும் சிலர் காரீயம் என்பார்கள். அது ஈயமே அல்ல. கிராபைட் என்னும் ஒரு வகைக் கரி.

சிறிய கட்டி, பெரிய கனம்

காரீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. உள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொண்டால் அதன் எடை 11 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. என்றால் 90 கிலோ! ஒருவர் தூக்கிச் சட்டியில் போடக்கூடிய பொருள் அல்ல.

ஆனால் உருக்குவது சுலபம். ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும். ஒரு கிலோ ஈயத்தை 30 டிகிரியிலிருந்து சூடேற்றி முழுவதும் உருக்க ஏறத்தாழ 62 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 290 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது தண்ணீருக்கு ஆகும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஈயத்துக்கு!

ரம்பம் ஏன் திணறுகிறது?

இரும்பை அறுக்கும் ரம்பத்தை ஈயத்தின்மேல் வைத்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாலு இழுப்பில் அது நின்றுவிடும். இரும்பை அறுக்கும்போது விழும் துகள் பல்லிடுக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. ஈயத் துகள் உதிராது; பற்களுக்கிடையே அப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ரம்பத்துக்குப் பல்லே இல்லாததுபோல் ஆகிவிடும். மிருதுவாக இருப்பதுதான் இங்கே இடைஞ்சல்!

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், ஈயம் இல்லாமல். பழைய சலவைச் சோப்புக் கட்டி ஒன்றைப் பெரியவர் ஒருவரின் துணையோடு நுண்பல் ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். பல்லெல்லாம் சோப்பு அடைத்துக்கொள்ளும். அதே கட்டியைக் கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். சுத்தமாக இரண்டு துண்டாகும், தூள் விழாது.

பட்டறையில் செய்வதும் இதுதான். அகன்ற உளியைப் பாளத்தின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். சுற்றிலும் காடி விழுந்ததும் பாளத்தை மடக்கி ஒடிப்பார்கள். பெரிய ஆலைகளில் நீரியல் அழுத்தத்தால் இயங்கும் கத்தரி உண்டு. ரம்பம்தான் வேண்டுமென்றால், மரம் அறுக்கும் பெரிய பல் ரம்பத்தில் எண்ணெய் தடவி மெதுவாக இழுக்க வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. செம்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது விறைத்துப்போகும். காரணம், உள்ளே இருக்கும் படிகங்கள் சிதைந்து சிக்கிக்கொள்கின்றன. ஈயத்தில் அந்தப் படிகங்கள் சாதாரண அறை வெப்பத்திலேயே புதிதாக வளர்ந்து சரியாகிவிடுகின்றன. எத்தனை அடி அடித்தாலும் ஈயம் மிருதுவாகவே இருக்கும்.

வெட்டாமலே ஒரு வழி

1886-இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் லைனோடைப் என்னும் இயந்திரம் வேலைக்கு வந்தது. ஆட்மார் மெர்கன்தாலர் உருவாக்கிய அந்த இயந்திரம் ஒரு முழு வரியையே ஈயக் கலவையில் வார்த்துத் தரும். அதன் சட்டியை அடிக்கடி நிரப்ப வேண்டுமே! பின்னாளில் அதற்கொரு வழி கண்டார்கள். உலோகத்தை நீண்ட கட்டைகளாக முதலிலேயே வார்த்து, சட்டிக்கு மேலே தொங்கவிட்டார்கள். சட்டியில் மட்டம் குறையக் குறையக் கட்டை தானாக இறங்கும். அடிநுனி மட்டும் உருகும். வெட்டும் வேலையே இல்லை.

நம் தமிழ் அச்சின் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் 1713-இல் அச்சகம் தொடங்கியவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். மெல்லிய மூடியை வெட்டவா வேண்டும்?

ஒரு துளி நீர் போதும்

உருகிய ஈயத்தில் ஈரமான துண்டு விழுந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியானால் அதன் கனஅளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அது ஒரு நொடியில் நடக்கும்போது சட்டியிலுள்ள ஈயம் வெடித்துச் சிதறும். வெளியில் கிடந்த பாளத்தின் பிளவுக்குள் மழைநீர் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் எந்தத் துண்டையும் முதலில் சூடேற்றி உலர்த்திய பிறகே உள்ளே விடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இப்போது ஒரு கணக்கு. 10 செ.மீ. கட்டியின் மொத்தப் பரப்பு 600 சதுர செ.மீ. அதை 1 செ.மீ. கட்டிகளாக வெட்டினால் 1,000 கட்டிகள்; பரப்பு 6,000 சதுர செ.மீ. அதையே 0.1 மி.மீ. தூளாக்கினால்? பரப்பு 6,00,000 சதுர செ.மீ., அதாவது 60 சதுர மீட்டர்! எடை மாறவில்லை. ஆனால் கட்டியாக ஓரிடத்தில் கிடந்த ஈயம், இப்போது காற்றிலும் கையிலும் சட்டையிலும் ஏறிக்கொள்ளும்.

உடலுக்குள் போன ஈயம் கால்சியத்தைப்போல் நடித்து எலும்பில் குடியேறும்; பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். வளரும் குழந்தையின் மூளையை அது கெடுக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாகச் சுழலும் அரவை இயந்திரத்தால் ஈயத்தை வெட்டக்கூடாது என்பதன் காரணம் இதுதான். சரி, எது நல்ல வழி? மிகக் குறைவாகத் தூள் எழுப்பும் வழியே நல்ல வழி. உளி அதனால்தான் ரம்பத்தை வெல்கிறது.

நம் தெருவில்

அச்செழுத்து போய்விட்டது; ஈயம் போகவில்லை. உலகில் பயன்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று பேட்டரிகளுக்குள் இருக்கிறது. சங்கரன்கோவில் கடைத்தெருவில் நிற்கும் பேருந்திலும் லாரியிலும், மின்சாரம் போனால் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரிலும் அதுதான். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாகச் செப்பனிடும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர்களிடமே ஒப்படைத்திருக்கின்றன.

ஆகவே, மாணவ நண்பர்களே, வீட்டில் பழைய பேட்டரி இருந்தால் உடைக்க வேண்டாம். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஈயம் உருக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறார்களா? வீட்டுக்குள் வருமுன் கைகால் கழுவி உடை மாற்றச் சொல்லுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கை ஓடிவந்து அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொள்ளும்போது, அந்தச் சட்டை சுத்தமானதாக இருக்கட்டும்.