முத்துச் சல்லடையும் செய்யறிவும்

செய்யறிவு என்பது, தொகுத்து வைத்த செய்திகளுள் மறைந்து கிடக்கும் ஒழுங்கைக் கண்டறிந்து, அவ்வொழுங்கைத் துணைக்கொண்டு இதுவரை காணாத ஒன்றைப் பற்றி மதிப்பீடு வழங்கும் பொறித்திறன் ஆகும். நாளிதழ்கள் செயற்கை நுண்ணறிவு என்று எழுதுவதும் இதனையே. அதன் தொழில்கள் நாள்தோறும் பெருகினும், அவற்றுட் பெரும்பாலானவை வகைப்படுத்தல், முன்கணித்தல் என்னும் இரண்டனுள் அடங்கும். ஒன்றை அதற்குரிய இனத்தில் சேர்ப்பது வகைப்படுத்தல். நடந்தவற்றைக் கொண்டு நடக்கக்கூடியதை உரைப்பது முன்கணித்தல். கேட்டதற்கு விடையெழுதும் உரையாடு செயலிகளும், அடுத்து வரத்தக்க சொல் எது என்று நிகழ்தகவால் கணித்துக் கணித்தே எழுதிச் செல்கின்றன.

தூத்துக்குடியில் நுகர்வியல் கற்பிக்கும் எனக்கு இவ்விரண்டும் முற்றிலும் புதியனவாகத் தோன்றவில்லை. இக்கடற்கரையின் முத்து வணிகம் இவற்றின்மேலேயே நின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகலன்களைப் பதிந்த கல்வெட்டுகள், அவற்றிற் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று இனம் பிரித்துக் கூறுகின்றன. வடிவால் சிலவும் அளவால் சிலவும் ஒளியால் சிலவும் பெயர் பெற்றிருத்தல் காண்க. இன்று ஒரு பொறிக்கு முத்தினம் பிரிக்கக் கற்பிக்க விரும்புவோர், பல்லாயிரம் முத்துப் படங்களுக்கு இத்தகைய பெயர்களை முதலில் தம் கையாலேயே இட்டுத் தருதல் வேண்டும். பொறி தன் விடையை அப்பெயரோடு ஒப்பிட்டு, பிழை குறையுமளவும், விடையை நிருணயிக்கும் எண்களாகிய தன் உள்ளெடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். பயிற்றல் என்று நாம் வழங்குவது இத்திருத்தத்தையே.

பிற்கால முத்துச் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100 என ஏறி, இறுதிச் சல்லடையில் 1000. துளையின் எண்ணிக்கை பெருகப் பெருக அதன் அகலம் குறைந்தது. எச்சல்லடையில் தங்கியதோ, அதுவே அம்முத்தின் அளவு. அளவும் ஒளியும் வடிவும் தேர்ந்தபின் நிறைகோல் வந்தது. மஞ்சாடி என்னும் நிறையளவால் நிறுத்த எடையை அவ்வெடையாலேயே பெருக்கி, அதில் முக்காற்பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த எண்ணை, விலைக்கு அளவாகக் கொண்டு, செவ்வு என்றனர். ஒற்றை முத்தின் எடை இருமடங்கானால் செவ்வு நான்மடங்காகும். அதே எடை இரு முத்துகளாகப் பிரிந்து நின்றால் செவ்வு பாதியாகும். பெருமுத்து அரிது, அரியது விலை மிக்கது என்னும் உண்மை முழுவதும் இந்த ஒரு வரிக் கணக்கினுள் அடங்கி நிற்பதை எண்ணுந்தோறும், அதனை வகுத்த பெயரறியா வணிகரை நான் கணக்கறிஞர் வரிசையிலேயே வைக்கிறேன்.

முன்கணிப்பும் அவர்களிடம் இருந்தது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுமுன், தோலாயிரம் பார் முதலிய பார்களிலிருந்து, அதாவது கடலடி முத்துப் படுகைகளிலிருந்து, சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு அலசி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அறுதியிட்டனர். பின்னர்ச் சிப்பிகள் திறவாமலே ஏலம் போயின. எடுத்தவர் ஒரு நிகழ்தகவுக்கே விலை கொடுத்தார். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்புகளோடு இக்கரையில் அவ்வழக்கம் ஓய்ந்தது.

இன்று சல்லடையில் விழுபவர் நுகர்வோர். கைபேசியில் மக்ரூன் வாங்கும் ஒருவரை, அவர் பார்த்தது, விட்டது, நின்று நோக்கியது, வாங்கிய நேரம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் எண்கோவையாகச் செயலி எழுதி வைக்கிறது. அதற்கு அண்மையில் அமையும் பிற எண்கோவைகளுக்கு உரியோர் வாங்கியவற்றை அவர்முன் பரப்புகிறது. இதில் நன்மை இல்லையென்று சொல்லேன். தேடும் உழைப்பு குறைகிறது. ஆயினும் யாருக்காக யார் கணிக்கப்படுகிறார் என்பதை நோக்குதல் வேண்டும். கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையச் செறிவையும் செயற்கைக்கோள்கள் அளந்து தர, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் வாய்க்கக்கூடிய இடங்களை மீனவர்க்கு அறிவிக்கிறது. அங்கே கணிக்கப்படுவது மீன். கணிப்பைப் பெறுவோர் மீனவர். இணையக் கடையில் கணிக்கப்படுவோர் நுகர்வோர். கணிப்பைப் பெறுவோர் விற்பவர்.

முத்துச் சந்தையிலும் மறைவு உண்டு. துணிக்கடியில் விரல் தொட்டு விலை பேசியதை அறிவோம். ஆனால் அம்மறைவு அயலாரிடமிருந்து காத்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே விலையை அறிந்தனர், ஒரே சல்லடையைக் கையிலெடுத்துத் துளை எண்ண இருவராலும் முடிந்தது. செயலியின் உள்ளெடைகளையோ நுகர்வோர் காணார். தாம் எவ்வினத்தில் வைக்கப்பட்டோம் என்பதையும் அறியார். இத்தகைய கணிப்பால் தமக்குக் கடன் மறுக்கப்பட்டதன் ஏது அறியாமல் நிற்பவருக்கு இது சிறு குறையன்று.

மற்றொன்றும் இக்கரை கற்பிக்கிறது. 1973-இல், வேப்பலோடையில், நடுவண் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் அழகர்சாமி முதலானோர் சிப்பியினுள் உருண்டைக் கரு ஒன்றை வைத்து, அதன்மேல் முத்துப்பூச்சு படியச் செய்து, இந்தியாவில் வளர்ப்புமுத்தை வெற்றியுடன் விளைவித்தனர். மேற்பூச்சு இயல்முத்தின் பூச்சே; வெறுங்கண் பிரித்தறியாது, ஊடுகதிர்ப் படம் உட்கருவைக் காட்டும். ஆதலால் வளர்ப்புமுத்தை வளர்ப்புமுத்து என்று சொல்லியே விற்க வேண்டும் என்பது உலக முத்து வணிகத்தின் நெறியாயிற்று. பொறி எழுதிய பொருள்மதிப்புரைக்கும் பொறி வரைந்த படத்துக்கும் அதே நெறி பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் ஓரளவு வந்துள்ளது. நுகர்வோரை ஏய்க்கும் இணைய வடிவமைப்புகளுள் 13 வகைகளை 2023 நவம்பர் 30-இல் வெளியான நடுவண் நுகர்வோர் காப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் வரையறுத்துத் தடுக்கின்றன. அதே ஆண்டின் இலக்கத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், தன் தரவின் சுருக்கத்தைக் கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. இன்ன இனத்தில் ஏன் வைத்தாய் என்று கேட்கும் உரிமையைத் தெளிவாகத் தரவில்லை. அவ்வுரிமை சேர்தல் வேண்டும். ஆனால் இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் தாம் விரும்பும் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு அச்சட்டத்திலேயே உண்டு. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆகவே தரவுக்குரியவர், தரவுப் பொறுப்பாளர், இசைவு, இசைவு மீட்பு, எண்கோவை, உள்ளெடை என்னும் சொற்களைக் கொண்டு அத்தகைய அறிவிப்புகளை எம் மாணவர் எழுதிப் பழகுகின்றனர். எழுதியதை மீன் ஏலக்கூடத்து மகளிரிடம் படித்துக் காட்டி, அவர்களுக்கு விளங்காத வரியை மறுபடியும் எழுதுகின்றனர்.