சமையல் மேடை: வெட்டும் முன் கேட்க வேண்டியது

கடன் பெற்றுச் சமையலறையைப் புதுப்பிப்போர் மேடைப் பலகையின் நிறத்தையும் விலையையும் கவனமாக ஆராய்கின்றனர். அதை வெட்டும்போது எழும் தூசி எத்தகையது என்பதையும் அவர்கள் கேட்டறிய வேண்டும்.

அக்ரிலிக் பிசினும் அலுமினிய ஹைட்ராக்சைடும் கலந்து வார்க்கப்படும் 'சாலிட் சர்ஃபேஸ்' பலகையைக் கார்பைடு பல் பொருத்திய வட்ட ரம்பத்தால் மரம்போல் அறுக்கலாம். உள்மூலைகளை வளைவாக வெட்டுவது நன்று. கூர்மூலையில் விரிசல் எளிதில் தொடங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் இதற்கும் தேவை.

கிரானைட்டும் செயற்கைக் குவார்ட்ஸும் வேறு வகை. குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 விழுக்காட்டையும் தாண்டலாம். நீரின்றி அறுத்தால் பறக்கும் நுண்துகள் நுரையீரலில் படிந்து, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். இதன் பொருட்டே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளைத் தடை செய்தது.

ஆகவே, அளவு கொடுத்து, நீர் பாய்ச்சி அறுக்கும் பட்டறையிலேயே வெட்டி வரச் செய்யுங்கள். வீட்டில் சிறு திருத்தம் தவிர்க்க இயலாதெனில், திறந்த வெளியில், நீர் பாய்ச்சி, மின்கசிவுப் பாதுகாப்புள்ள இணைப்பில் செய்யச் சொல்லுங்கள். சேற்றை உலரவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நாளில் முடியும் வேலை, கல் அறுப்பவருக்கு அன்றாடத் தொழில். அவருடைய பாதுகாப்புக்கான செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.