கல்வி நிர்வாக ஆய்வாளர் ஆவது எப்படி?

பள்ளிகளை நிர்வகிப்பவர் வேறு, அந்த நிர்வாகத்தை ஆராய்பவர் வேறு. பள்ளிக் கல்வி இயக்குநர் ஆணை பிறப்பிக்கிறார். அதே ஆணை சேலத்தில் சுமுகமாக நடந்து, ஓசூரில் மட்டும் சிக்குவது ஏன் என்று கேட்பவர் கல்வி நிர்வாகத் துறை ஆய்வாளர்.

ஓசூரில் இத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் உள்ள எல்லைப் பகுதியில் அதை நடைமுறைப்படுத்தத் தமிழாசிரியர் பணியிடம், பாடவேளை, தேர்வு விலக்கு எனப் பல முடிவுகள் தேவைப்பட்டன. மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்கும் போனார்கள். சிப்காட் ஆலைகளுக்கு வேலை தேடி வரும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டு நடுவில் பள்ளியில் சேர்வது இன்னொரு கேள்வி.

இத்துறைக்குள் நுழைய வழக்கமான வழி பி.எட்., எம்.எட்., பிறகு கல்வியியல் பாடத்தில் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேர்ச்சி. நெட் பாடத்திட்டத்திலேயே கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் உண்டு. ஓசூர் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகின்றன. அங்கே கல்வியியல் துறை இருக்கிறது. கல்வி நிர்வாகத் துறைக்கென்றே நாட்டில் இருப்பது புதுதில்லியின் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். யுனெஸ்கோ துணையோடு 1962-இல் தொடங்கிய மையம் அது. கல்வி அதிகாரிகளுக்குப் பயிற்சியும் தருகிறது, பிஎச்.டி.யும் வழங்குகிறது.

கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்த பிறகு ஏணி நீளமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, பிஎச்.டி.யோடு சேரும் உதவிப் பேராசிரியர் 4, 5, 3 ஆண்டுகள் என மூன்று படி ஏறி இணைப் பேராசிரியர் ஆகலாம். மேலும் 3 ஆண்டில் பேராசிரியர். நேரடி நியமனம் என்றால் இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வுக் கட்டுரைகளும், பேராசிரியருக்கு 10 ஆண்டும் 10 கட்டுரைகளும் வேண்டும்.

அதிகாரியாக இருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களும் உண்டு. 1954-இல் பொதுக்கல்வி இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு, 1969-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அது அரிய வழி.

பள்ளி ஆசிரியராக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகள் நேரடி நியமனத்துக்கான 8, 10 ஆண்டுக் கணக்கில் சேராது. எனவே கல்லூரிப் பணிக்குப் போகும் எண்ணமிருந்தால் நெட் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளி அனுபவம் கைகொடுப்பது ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதுதான்.