காற்று உடைக்கும் துளி: பந்தலுக்குள் மிஸ்ட் புளோயர்

சுருளிப்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பன்னீர் திராட்சைக்கு விசைத்தெளிப்பானை விட்டுவிட்டு மிஸ்ட் புளோயருக்கு மாறினேன். தண்ணீர் பாதிகூடச் செலவாகவில்லை. ஆனால் அடிச்சாம்பல் நோய் அடங்கவில்லை. மருந்து போலியா?”

மருந்தைக் குறை சொல்லுமுன் கருவியைப் பார்ப்போம்.

விசைத்தெளிப்பானில் பம்பின் அழுத்தம் மருந்தைத் துளியாக்குகிறது. மிஸ்ட் புளோயரில் அந்த வேலை காற்றுக்கு. விசிறி தள்ளும் வேகக் காற்று குறுகலான குழாய் வாயில் மருந்தை அடித்து உடைக்கிறது. துளியின் விட்டம் பாதியானால், அதே மருந்தில் எட்டு மடங்கு துளிகள் கிடைக்கும். காற்று இலையையும் புரட்டுவதால் அடிப்பக்கத்திலும் துளி படியும். அடிச்சாம்பல் பூஞ்சை நுழைவது இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தானே.

இந்த யோசனை பழையது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதியது அழுத்தப்பட்ட காற்றுதான். அதற்கென்று கனமான கம்ப்ரசர் வேண்டியிருந்ததால், பின்னாளில் பம்பின் அழுத்தமே போதும் என்று மாற்றினார்கள். நம் டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் அந்த வகை. பிறகு 1990-களில் சில பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் நுனிக்கு ஒரு சிறு காற்றுக் குழாய் வந்தது. அந்தக் குழாய் அடைத்தாலோ கசிந்தாலோ வண்டி நின்ற இடத்தில் உதறும்.

நம் கருவியிலும் கோளாறு அதே இடத்தில்தான். விசிறிக் காற்றில் ஒரு பங்கு மருந்துத் தொட்டிக்குள் போய் மேலிருந்து அழுத்துகிறது. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. வயலில் குழாயைக் கிடையாகப் பிடிக்கும்போது இது தெரியாது. பந்தலுக்கு நிமிர்த்திப் பிடித்தால் மருந்து ஏறாமல் வெறும் காற்று வரும். வெறும் தண்ணீர் ஊற்றி, கிடையாக ஒரு நிமிடம், நிமிர்த்தி ஒரு நிமிடம் ஓட்டி, தொட்டியில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பாருங்கள். வாஷர் நன்றாக இருந்தும் மேலே பாதிதான் போகிறதென்றால், மேல்நோக்கித் தெளிக்கத் துணைப் பம்பு உள்ள மாடல்தான் பந்தலுக்குப் பொருந்தும்.

அடுத்தது கலவை. வாசகர் தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். லிட்டருக்கு இவ்வளவு என்று பழைய கணக்கிலேயே கலந்து, பாதித் தண்ணீரை மட்டும் அடித்தால், ஏக்கருக்குப் போகும் மருந்தும் பாதிதான். லேபிளில் பரப்புக்குச் சொல்லும் அளவைப் பாருங்கள். எக்டேருக்கு என்றிருந்தால் 2.5-ஆல் வகுங்கள். ஏக்கருக்கு 400 கிராம் என்றால், 200 லிட்டரிலும் 400 கிராம், 80 லிட்டரிலும் 400 கிராம். குறைந்த நீரில் தெளிக்க லேபிள் இடம் தருகிறதா என்பதையும் படியுங்கள். கலவை கெட்டியாக இருப்பதால் இளந்தளிர் கருகலாம். நாலைந்து கொடிகளில் அடித்து இரண்டு நாள் பொறுத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பந்தலுக்கு அடியில் நின்று அடிப்பவர் மேலேயே அத்தனை மூட்டமும் இறங்கும். முகத்துக்குத் துண்டு கட்டினால் போதாது. சுவாசக் கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். கூலிக்கு அடிக்க வருபவருக்கும் இவற்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.