ஒரே தொகை, இரண்டு வரிசை: பி.எஃப். முன்பணம் சிலருக்கு மட்டும் சட்டென்று வருவது ஏன்?

கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க, பி.எஃப். முன்பணம் பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பலவற்றிலும் ஒரே புகார்தான்: கூட வேலை பார்ப்பவருக்கு மூன்றே நாளில் பணம் வந்துவிட்டது, அதே நாளில் அதே தொகைக்கு விண்ணப்பித்தவருக்கு இன்னமும் ‘அண்டர் பிராசஸ்’.

அப்படியென்றால் விண்ணப்பங்களை இப்படி இரண்டு வரிசையாக யார் பிரிக்கிறார்கள்?

கணினிதான். மனிதக் கை படாத தானியங்கி முறைக்கான உச்சவரம்பு 2024 மே மாதம் 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாகவும், 2025 ஜூனில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. கொட்டை எழுத்தில் வந்ததெல்லாம் இந்தத் தொகைதான். ஆனால் தொகை ஒரு நிபந்தனை மட்டுமே. கே.ஒய்.சி. பொருந்துகிறதா, கேட்கும் காரணத்துக்குத் தகுதி உண்டா, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டதா என எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் இடறினாலும் விண்ணப்பம் அலுவலர்களின் மேசைக்குப் போய்விடும்.

இடறியவை நிராகரிக்கப்படாது, இரண்டாம் கட்டப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது அரசு. பொய்யில்லை, வரிசைதான் மாறுகிறது. ஆனால் எந்த வரிசையில் நிற்கிறோம், எதில் இடறினோம் என்பதை ‘அண்டர் பிராசஸ்’ என்ற அறிவிப்பு சொல்வதில்லை.

நம் ஊரில் இடறுவதற்கு இனிஷியலே போதும். ஆதாரில் ‘முருகன் செ’, வங்கியில் ‘செல்வராஜ் முருகன்’. மேசையில் இருப்பவர் அப்பா பெயரைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஆக, வரம்பு 5 லட்சமானதன் பலன் ஏற்கெனவே ஆவணங்கள் ஒத்துப்போகிறவர்களுக்கே முதலில் போய்ச் சேருகிறது. இடறிய இடத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் பாதிக் கடிதங்கள் வந்திருக்காது.

தொகையைக் குறைத்துக் கேட்டால் சீக்கிரம் வருமா? பெயர் பொருந்தாவிட்டால் 5,000 ரூபாயும் நிற்கும்.

காசோலைப் படம் ஏற்ற வேண்டுமா? 2025 ஏப்ரல் முதல் தேவையில்லை.

எத்தனை நாள் பொறுப்பது? விதிப்படி 20 நாள், அதன்பின் பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம்.

இன்றே செய்யக்கூடியது? பி.எஃப். பதிவு (யு.ஏ.என்.), ஆதார், வங்கி மூன்றிலும் பெயர், பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் இருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.